மறுநெரைக் கடலுக்கு ஒரு பேர்

புக்கிட் தெம்பாகா தோட்டம்,
செனாவாங்.
சுபானு வருஷம், ஆனி 9

அன்புள்ள அண்ணன் அமிர்தலிங்கம் அவர்களுக்குத் தங்கை மயிலம்மாள் எழுதிக்கொண்டது. நானும் மகள் நீலாவதியும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

உப்பு வாங்கி வருகிறேன் என்று போர்டிக்சனுக்கு உங்களிடம் புறப்பட்ட என் வீட்டு மனுஷன் இன்னும் வீடு வந்து சேரவில்லை. வைகாசியில் போனவர். மாப்பிள்ளையை வழியில் ஜப்பான்காரன் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டான், சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டுபோய்விட்டான் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினீர்கள். அவ்வளவுதானா அண்ணே? இந்த லயத்து வீடுகளில் ஒரு கோழி காணாமல் போனால்கூட இதைவிட அதிகம் பேசுவார்கள். எந்த ரோட்டில் பிடித்தான்? யார் பார்த்தார்கள்? எப்போது விடுவான்? நீங்கள் கிராணி. வெள்ளைக்காரன் இருந்தபோதும் ஆபீஸில் உட்கார்ந்தவர், ஜப்பான்காரன் வந்த பிறகும் உட்கார்ந்தவர். விசாரித்துச் சொல்ல வேண்டாமா? என்னால் அழ முடியவில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

இன்னொன்று. நீலாவதி சரியாகத் தூங்குவதில்லை. அவள் அப்பா அவளுக்காக ஒரு கிரகத்தையே கட்டி வைத்திருப்பது உங்களுக்கும் தெரியும். மறுநெரை என்று பேர். நாம் பால் வெட்டுகிற மர வரிசை, அந்த நெரை முடிந்ததும் வருகிற அடுத்த நெரை வானத்தில் இருக்கிறதாம். அங்கே ஒரே ஒரு கடல். ரப்பர் பால் மாதிரி வெள்ளையாக இருக்குமாம். விடியற்காலையில் ஓடுமாம். வெயில் ஏறினால், மரத்தில் கட்டின மங்குக் கிண்ணத்தில் பால் உறைகிற மாதிரி உறைந்துவிடுமாம். ஜனங்கள் அதன் மேல் நடந்து அடுத்த கரைக்குப் போவார்களாம். அந்தக் கடலுக்கு மட்டும் அவர் பேர் வைக்கவில்லை. பிள்ளை கேட்டால், "கரையை முழுசாச் சுத்தி முடிச்சப்பறந்தான் கடலுக்குப் பேரு" என்பார். நான்கு கரையில் இரண்டைத்தான் சொல்லியிருக்கிறார். மிச்சத்தை மாமாவிடம் கேள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கடலோரத்தில் இருப்பவர் நீங்கள்தானே.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.
மயிலம்மாள்


போர்டிக்சன்,
2603 ஜூலை 4

என் உடன்பிறப்பு மயிலுவுக்கு அண்ணனின் ஆசி. உன் கடிதம் கிடைத்தது. கடல் காற்று ஒத்துக்கொண்டதால் இருமல் தணிந்திருக்கிறது. நீயும் குழந்தையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பருக்கு வேலையில்லை என்று தோட்டத்து ஆபீஸை மூடிவிட்டார்கள். இப்போது நான் கடற்கரையில் உப்புக் காய்ச்சுகிற கொட்டகையில் கணக்குப் பார்க்கிறேன். இனிமேல் கடிதத்தின் மேல் என் பேரை எழுதாதே. உப்புக் கொட்டகை என்று மட்டும் எழுதி உங்கள் கங்காணி வீட்டில் கொடு. உப்பு ஏற்றி வருகிற மாயாண்டி லாரியில் எடுத்து வந்துவிடுவான். காலம் அப்படி.

மாப்பிள்ளை விஷயம் விசாரித்தேன். மூன்று மாத வேலை என்கிறார்கள். தைரியமாக இரு.

நீலாவதிக்கு: கண்ணு, மறுநெரையின் மூன்றாவது கரை கிழக்கே இருக்கிறது. மரப்பட்டையில் காய்ந்து ஒட்டிக்கொள்கிற பால் மாதிரி, அங்கே ஒட்டுப்பால் குடா என்று ஒரு குடா. சாயங்காலம் கடல் இறங்கும்போது பாறைகளில் தன் ஓரத்தை விட்டுவிட்டுப் போகும். பெண்கள் அதை உரித்துச் சுருட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு போவார்கள். குடாவைத் தாண்டினால் காண்டாவாளித் தீவு. காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் தொங்குகிற பால் வாளிகள் மாதிரி, அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நீரிணை. ஒன்று நிறைந்தால் மற்றது வற்றும். அதனால் தீவு எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். அங்கே பிறந்தவர்கள் சம தரையில் நடந்தால் தடுக்கி விழுவார்கள். தீவுக்கு வடக்கே மங்குத் தீவுகள். எல்லாம் குழிவாக ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும், கடல் அவற்றில் சொட்டுச் சொட்டாக விழும். மழை பெய்தால் கடல் கெட்டுவிடும் என்பதால், மழை நாளில் "இன்னிக்குக் கடல் இல்லை" என்று காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் சொல்லி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

உப்புப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.
உன் நன்மையை நாடும்
அண்ணன்


புக்கிட் தெம்பாகா
ஆடி 6

அண்ணன் அவர்களுக்கு மயிலம்மாள். உங்களுக்கு இருமல் தணிந்ததில் சந்தோஷம். எனக்கு வயிறு எரிகிறது, அது தணியவில்லை.

கடலைப் பற்றி ஒரு பக்கம். என் வீட்டு ஆளைப் பற்றி இரண்டு வரி. யாரிடம் விசாரித்தீர்கள்? எந்த அதிகாரி? எந்தக் கூட்டத்தோடு போனார்? அவர் பேர் எதிலாவது ஏறியிருக்கிறதா? செனாவாங்கில் நானே போய்க் கேட்டேன். புக்கிட் தெம்பாகாவிலிருந்து போனவர்களில் அப்படி ஒரு பேரே இல்லை என்று கூலியாட்களை மேய்க்கிற மண்டோர் விரட்டிவிட்டான். போர்டிக்சன் பக்கம் பிடித்திருந்தால் அங்கே கேள் என்கிறான். அங்கே கேட்க வேண்டியவர் நீங்கள். நீங்களோ தீவு சாய்கிறதா நிமிர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் போடுகிற வருஷமும் எனக்குப் பிடிக்கவில்லை. ஜப்பான்காரனுக்கு 2603 ஆக இருக்கட்டும். நம் அம்மா உங்களைப் பெற்றது அவன் பஞ்சாங்கத்தில் இல்லை.

நீலாவதிக்குக் குடா பிடித்துவிட்டது. நாள் முழுக்க லயத்துப் பிள்ளைகளோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாள். அதற்காக மட்டும் உங்களைத் திட்டுவதைப் பாதியில் நிறுத்துகிறேன்.

மேல் விலாசத்தில் பேர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் ஏன் என்று சொல்லுங்கள்.
மயிலம்மாள்


போர்டிக்சன்,
2603 ஆகஸ்டு 15

அன்புத் தங்கைக்கு. கோபம் உடம்புக்கு ஆகாது. மரவள்ளியோடு கொஞ்சம் கீரையும் சேர்த்துச் சாப்பிடு.

பெரிய அதிகாரிகளிடம் ஓயாமல் கேட்டால் கேட்பவனையும் ஏற்றிவிடுவார்கள். ஆகையால் பக்குவமாகத்தான் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. கடலுக்குப் பேர் கிடைத்துவிட்டது. வெள்ளைக் கடல் என்றால் பாற்கடல். பாற்கடலில் கடைந்தெடுத்தது அமிர்தம். ஆகவே அமிர்தசாகரம் என்று வைத்துக்கொள்ளச் சொல் நீலாவதியிடம். கிழக்குப் பாகம் சின்ன அமிர்தம், மேற்குப் பாகம் பெரிய அமிர்தம். பூகோளப் புத்தகத்தில் வருகிற மாதிரி கம்பீரமாக இருக்கும்.

உப்பும் கொஞ்சம் கருவாடும் அனுப்புகிறேன்.
அண்ணன்


புக்கிட் தெம்பாகா
ஆவணி 10

அண்ணனுக்கு. உப்பு வந்தது. கருவாடு வந்தது. கூடவே உங்கள் திமிரும் வந்தது.

அவர் கட்டிய கிரகம். அவர் வார்த்த கடல். அதற்கு அமிர்தலிங்கம் பேரா? பேர் வைக்க நீங்கள் யார்? வாழ்நாளில் ஒரு மரம் வெட்டியிருக்கிறீர்களா? ஒரு வாளி தூக்கியிருக்கிறீர்களா? சொந்தக்காரர் ஊரில் இல்லை என்றால் வீட்டை எழுதி வாங்கிக்கொள்கிறவனைப் போல் இருக்கிறது நீங்கள் செய்தது. கரையைச் சுற்றி முடித்த பிறகுதான் பேர் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் இன்னும் முடிக்கவில்லை. முடிக்க வருவார்.

பிள்ளையிடம் அந்தப் பேரை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மயிலம்மாள்


போர்டிக்சன்,
2603 அக்டோபர் 5

தங்கை மயிலுவுக்கு. இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை, காய்ச்சல். இப்போது தேவலை. நீங்கள் இருவரும் சௌகரியமா?

அந்தப் பேரை எடுத்துவிட்டேன். விளையாட்டாக எழுதியது. நீ இவ்வளவு தூரம் போவாய் என்று நினைக்கவில்லை.

சயாமில் ரயில் ரோடு முடியப்போகிறதாம். தீபாவளிக்கு முன்னால் ஆட்கள் திரும்பலாம் என்று பேச்சு. இரண்டு பங்கு உப்பு அனுப்புகிறேன். மிச்சத்தை அரிசிக்கு மாற்றிக்கொள்.
அண்ணன்


புக்கிட் தெம்பாகா
ஐப்பசி 21

அண்ணன் அவர்களுக்கு. தீபாவளி போய்விட்டது. யாரும் வரவில்லை. உங்கள் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்கட்டும்.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். எப்போதும் கங்காணி வீட்டில் பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் போகிற மாயாண்டி, கங்காணி ஊரில் இல்லாததால் இந்த முறை எங்கள் லயத்துக்கே வந்தான். நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். "மயிலம்மா யாருலா? உப்புக் கொட்டகை அர்ச்சுனன் குடுத்து விட்டாரு" என்றான்.

என் வாயால் நான் சொல்லக்கூடாத அந்தப் பேரை அவன் சொன்னதும் எனக்கு உயிர் வந்துவிட்டது. கத்தி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. ஆள் நல்லா இருக்காரா, நடக்கிறாரா, ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். நல்லாத்தான் இருக்கிறார், கொஞ்சம் இருமல் என்றான். நீலாவதி, அப்பா போர்டிக்சனில் இருக்கிறார் என்று லயம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினாள். பொட்டலத்தைப் பிரித்தேன். உங்கள் கையெழுத்து. ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடி, ஒல்லி, முன் வழுக்கை என்றான். அது நீங்கள்.

ஓடின பிள்ளையைக் கூப்பிட்டு, அப்பா இல்லை, மாமா என்று சொன்னேன். அதை எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். உங்களை ஏன் அண்ணே அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?
மயிலம்மாள்


போர்டிக்சன்,
2603 நவம்பர் 16

தங்கைக்கு. நலம். மாயாண்டி ஆளையும் பேரையும் குழப்புகிறவன். கொட்டகையில் நூறு பேர். இதைப் பற்றி லயத்தில் யாரிடமும் பேசாதே. இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. உப்பு மூன்று பங்கு.
அண்ணன்


புக்கிட் தெம்பாகா
மார்கழி 12

அமிர்தலிங்கத்துக்கு.

நலம் கேட்கவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், அதுதான் விஷயம்.

பாரோயில் ஒரு தோப்புக் குடிசையில் சன்னாசி படுத்திருக்கிறான். உன் தோட்டத்து ஆள்தான், உனக்குத் தெரியும். சயாமில் கால் அழுகி, இனி பிரயோசனமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவன். கேள்விப்பட்டு நடந்தே போனேன். புண் நாற்றத்தில் அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. நான் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னான்.

ஆபீஸுக்கு வேலையில்லை என்றானதும் கிராணி பேரையும் சயாமுக்கு எழுதிவிட்டார்களாம். பெரட்டுக்களத்தில் லாரி நின்றதாம். அதற்கு முந்தின நாள்தான் இவர் உப்புக்காக உன்னிடம் வந்திருக்கிறார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனா செத்துருவேன் மாப்ள. நீங்க ஒழச்ச ஒடம்பு, மூணு மாசந்தான். அவங்கள கண்ணு மாதிரி பாத்துக்குறேன்" என்று அழுதாயாம். சன்னாசி பக்கத்தில் நின்றவன். ஜப்பான்காரன் அமிர்தலிங்கம் என்று கூப்பிட்டான். முதல் தடவை யாரும் பேசவில்லையாம். இரண்டாம் தடவை இவர் "இருக்கேன்" என்று சொல்லி ஏறிவிட்டார். அவனுக்குத் தலை எண்ணிக்கை போதும், முகம் எதற்கு?

வழியில் பிடித்தான் என்றாயே, அடப்பாவி. எந்த வழியில்? உன் வீட்டு வாசலிலா? அவர் பேர் எதிலும் இல்லை என்று நான் மண்டோர் காலில் விழுந்தேனே, அப்போது நீ குடாவுக்குப் பேர் யோசித்துக்கொண்டிருந்தாய். உன் பேரை அவர் தலையில் கட்டி அனுப்பிவிட்டு, அவர் பேரை நீ மாட்டிக்கொண்டு, அது போதாதென்று அவர் கடலுக்கும் உன் பேரா? எப்படி மனசு வந்தது?

கட்டினவர் பேரைச் சொல்லாதவள் நான். இன்றைக்கு எழுதுகிறேன். அர்ச்சுனன். அது அவருடையது. திருப்பிக் கொடு. அதிகாரியிடம் போய் நான்தான் அமிர்தலிங்கம் என்று சொல். சயாமுக்குப் போ. அவரை அனுப்பு.

நீ அனுப்பின உப்பு முழுவதையும் மாயாண்டியிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளை உப்பில்லாத கிழங்கு தின்று பழகிக்கொள்வாள்.
மயிலம்மாள்


போர்டிக்சன்,
2604 ஜனவரி 20

என் தங்கைக்கு. பொங்கல் அன்று உங்களை நினைத்துக்கொண்டேன். நீ, வா, போ என்று எழுதியிருக்கிறாய். எழுது. அண்ணன்தானே.

சன்னாசி வலியில் பேசுகிறவன். மாப்பிள்ளையை நான் தள்ளிவிடவில்லை. அவராகத்தான் சொன்னார், அவராகத்தான் ஏறினார். அவர் குணம் உனக்குத் தெரியும். இப்போது நான் போய்ப் பேரை மாற்றிச் சொன்னால் ஏமாற்றினோம் என்று இரண்டு பேர் தலையும் போகும். அதில் உனக்கு என்ன லாபம்? பேர் என்பது கூப்பிடுகிற ஒரு சத்தம்தானே, மயிலு. ஆள்தானே முக்கியம்? உங்கள் இருவரையும் காலம் முழுக்க நான் காப்பாற்றுவேன். அதை யாரும் தடுக்க முடியாது.

நீலாவதிக்கு நான்காவது கரையையும் எழுதிவிடுகிறேன். அது மேற்கே இருக்கிறது. அங்கே கடல் உறைவதே இல்லை. போனவர்கள் திரும்ப நடந்து வர வழி கிடையாது. ஆனால் அங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள், ஒருவருக்கும் பசியில்லை. அவளுக்குப் பக்குவமாகப் படித்துக் காட்டு.

உப்பு அனுப்புகிறேன். வாங்கிக்கொள்.
அண்ணன்


புக்கிட் தெம்பாகா
மாசி 8

அமிர்தலிங்கத்துக்கு மயிலம்மாள் கடைசியாக எழுதுவது.

உன் நான்காவது கரையைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டவில்லை. படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, ஏதோ செய்தி உன் காதுக்கு வந்திருக்கிறது என்று. அதை நேராகச் சொல்லக்கூட உனக்குத் துப்பில்லை.

நேற்று எங்கள் பெரட்டுக்களத்தில் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். சயாமிலிருந்து திரும்பிய ஒரு மண்டோர் வந்திருந்தார். எந்தெந்தத் தோட்டத்து ஆள் அங்கே செத்தான் என்று சொல்லிக்கொண்டு போகிறாராம். எங்கள் தோட்டத்தில் ஏழெட்டுப் பேரைச் சொன்னார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு குடும்பம் தரையில் விழுந்தது. கடைசியில் அமிர்தலிங்கம் என்றார்.

அப்படி ஒருவரும் இங்கே இல்லையே என்று ஆட்கள் முழித்தார்கள். எனக்குப் புரிந்தது. உன் பேரைச் சுமந்துகொண்டு போனவர், எந்தத் தோட்டம் என்று அங்கே கேட்டபோது உன் தோட்டத்தைச் சொல்லவில்லை. இந்தத் தோட்டத்தைச் சொல்லியிருக்கிறார். சேதி வந்தால் என்னிடம் வரட்டும் என்று.

"யாரோட ஆளு இது?" என்று மண்டோர் கேட்டார்.

"எங்க அண்ணன்" என்றேன்.

நீலாவதி என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மண்டோர் என்னிடம் வந்து, காய்ச்சலில் போய்விட்டார் என்றார். நல்ல மனுஷன் என்றார். வேலை முடிந்ததும் ஆட்களைச் சுற்றி வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கடலைப் பற்றிச் சொல்வாராம். பசியில் படுத்திருப்பவன்கூட எழுந்து உட்கார்ந்து கேட்பானாம். கடலுக்கு என்ன பேர் என்று எல்லோரும் நச்சரித்தார்களாம். "அத வீட்டுக்குப் போய்ப் புள்ளைகிட்டதான் சொல்லுவேன்" என்று கடைசிவரை சொல்லவே இல்லையாம். பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

லயத்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். ராக்கம்மா அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தியே என்று அழுதாள். நானும் அழுதேன். உன் பேரைச் சொல்லியே ஒப்பாரி வைத்தேன். தொண்டை கட்டும் வரை வைத்தேன். யாருக்காக அழுதேன் என்று எனக்கும் பிள்ளைக்கும் தெரியும். என் தாலியைக் கழற்ற ஒருத்தியும் வரவில்லை. ஏன் வருவாள்? என் பொட்டும் இருக்கிறது, தாலியும் இருக்கிறது. அர்ச்சுனன் செத்தான் என்று இந்த உலகத்தில் யாரும் சொல்லவில்லை.

அந்தப் பேரில் நீ அங்கே உயிரோடு இரு. நன்றாக இரு. யாராவது கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சத்தமாகச் சொல். ஒவ்வொரு தடவையும் அது யார் சொன்ன வார்த்தை என்று நினைத்துக்கொள்.

ஆனால் என் அண்ணன் சயாமில் செத்துவிட்டான். ஊர் முழுக்கக் கேட்டாகிவிட்டது. உப்பு அனுப்பாதே. கடிதம் எழுதாதே. இந்த லயத்துப் பக்கம் வந்தால், செத்தவன் வந்தான் என்று பிள்ளைகள் கல்லெடுத்து அடிப்பார்கள், நான் தடுக்க மாட்டேன்.

இன்று காலையில் நீலாவதியையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். உனக்குத் தலைமுழுகிவிட்டு வந்துவிட்டேன்.

மயிலம்மாள்